பழைய மிதவையும் புதிய பொத்தானும்: மன்னார்க் கடல் முன்கூட்டியே கேட்க வேண்டியவை

2025 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் மன்னார் உள்ளிட்ட வடபுலக் கரையோரங்களில் பருப்பளவிலான பிளாஸ்டிக் மணிகள் கரையொதுங்கியமை வாசகர்களுக்கு நினைவிருக்கும். அவை நமது கடலில் கொட்டப்பட்டவையல்ல. அதற்கு முந்திய மே மாதம் 25 ஆம் திகதி, கேரளத்தின் கொச்சிக்கு அப்பால் ஏறத்தாழ 38 கடல் மைல் தொலைவில் மூழ்கிய எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கொள்கலன் கப்பலிலிருந்து வந்தவை. தென்மேற்குப் பருவக்காற்றும் நீரோட்டமுமாகச் சேர்ந்து அவற்றைக் குமரிமுனையைக் கடந்து நமது வாசலுக்குக் கொண்டுவந்தன.

அக்கப்பல் எதனோடும் மோதவில்லை, தீப்பற்றவுமில்லை. விழிஞ்ஞத்திலிருந்து புறப்பட்ட மறுநாள் அது ஒரு பக்கமாக 26 பாகை சாய்ந்தது. அதற்கடுத்த நாள் கவிழ்ந்து மூழ்கியது. அதிலிருந்த 24 பேரும் காப்பாற்றப்பட்டனர். சுமார் 640 கொள்கலன்களுடன் கப்பல் கடலடிக்குச் சென்றது. கப்பலைச் சமநிலையில் வைத்திருக்கும் பலாஸ்ட் தொகுதியில் ஏற்பட்ட கோளாறே இதற்குக் காரணம் என இந்தியக் கப்பற்துறை அதிகாரிகள் அந்நாட்களிலேயே முதற்கட்டமாகத் தெரிவித்திருந்தனர். அதாவது, கொச்சிக் கடலில் ஒரு கப்பலின் அடிவயிற்றில் நேர்ந்த பிழை, மன்னார் மணலில் வந்து கிடந்தது.

இதனை இங்கு நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. மன்னார்ப் படுக்கையின் எரிவாயு பற்றிய பேச்சு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எழுந்து அடங்குவதும் மீண்டும் எழுவதுமாக இருக்கின்றது. எத்தனை கோடி டொலர், எத்தனை ஆண்டு மின்சாரம் என்ற கணக்குகளே அப்போதெல்லாம் முன்வைக்கப்படுகின்றன. ஆனால் அந்த வாயுவை மேலே கொண்டுவருவதற்காக நமது கடலில் வந்து நிற்கப்போவது எது, அது எங்கே, எப்போது கட்டப்பட்டது, முன்னர் என்ன வேலை செய்தது, அதனை நிமிர்த்தி வைத்திருக்கும் தொகுதியை யார் இயக்குவர் என்ற கேள்விகளை எவரும் எழுப்புவதாகத் தெரியவில்லை. உலகெங்கும் கடற்படுகை எண்ணெய், எரிவாயுத் தொழிலில் புதிதாகக் கட்டப்படுபவை ஒரு பகுதியே. பழைய பார்ஜ்களும் பழைய துளையிடும் மேடைகளும் பழைய தாங்கிக் கப்பல்களும் பட்டறைக்குக் கொண்டுசெல்லப்பட்டு, வெட்டப்பட்டு, ஒட்டப்பட்டு, புதிய பம்பிகளும் புதிய கட்டுப்பாட்டுப் பலகைகளும் பொருத்தப்பட்டு, வேறொரு பெயருடனும் வேறொரு தொழிலுடனும் கடலுக்குத் திரும்புகின்றன. இதில் தவறேதும் இல்லை. ஆயினும் அம்மாற்றம் எவ்வாறு செய்யப்படுகின்றது என்பதிலேயே பலருடைய உயிர் தங்கியிருக்கின்றது.

இக்கட்டுரையாளர் பொறியியலாளர் அல்லர்; கலைப் பிரிவில் கற்றவர். எனினும் பலாஸ்ட் என்பது கடலோரத்தில் வாழும் நம்மில் எவருக்கும் அந்நியமான பொருளன்று. சரக்கில்லாமல் திரும்பும் தோணிகளின் அடியில் மணலோ கல்லோ ஏற்றுவது முன்னோர் வழக்கம். வெறும் தோணி காற்றுக்கு நில்லாது என்பது அவர்கள் அறிந்த உண்மை. அதனை அடிப்பாரம் என்றனர். இரும்புக் கப்பல்கள் வந்தபின் கல்லின் இடத்தைக் கடல்நீர் பிடித்தது. கலத்தின் அடியிலும் பக்கங்களிலும் உள்ள தாங்கிகளில் நீரை நிரப்பியும் வெளியேற்றியும் அதனைத் தாழ்த்தலாம், உயர்த்தலாம், சாய்வைச் சீராக்கலாம். பாரந்தூக்கி ஒருபுறம் சுமையைத் தூக்கும்போது மறுபுறத் தாங்கியில் நீர் சேர்க்கப்பட வேண்டும். பெரிய மிதவைகளில் இவ்வேலை நாள் முழுவதும் நடந்துகொண்டேயிருக்கும்.

கல்லுக்கும் நீருக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கல் கிடந்த இடத்தில் கிடக்கும். நீரோ சாய்ந்த பக்கத்திற்கே ஓடும். முழுதாக நிரம்பிய தாங்கியும் முழுதாக வெறுமையான தாங்கியும் கெடுதல் செய்வதில்லை. அரைகுறையாக நிரம்பியதே ஆபத்தானது. குறைகுடம் தளும்பும் என்று நாம் மனிதரைப் பற்றிச் சொல்வது கப்பற்கலையில் நேர்ப்பொருளிலேயே உண்மையாகின்றது. கலம் சற்றுச் சாயும்போது அரைத் தாங்கியின் நீர் முழுவதும் அப்பக்கமே சேர்ந்து சாய்வை மேலும் பெருக்கும். எனவேதான் எந்தத் தாங்கியை எப்போது, எந்த ஒழுங்கில் நிரப்புவது என்பது ஒரு தனி வித்தையாகக் கருதப்படுகின்றது. அந்த வித்தையை இன்று கணினித் திரையும் தொலைவிலிருந்து இயங்கும் வால்வுகளும் பெருமளவில் ஏற்றுள்ளன. வித்தை இடம் மாறியதே தவிர, மறைந்துவிடவில்லை.

நமது படுக்கையில் இதுவரை நடந்தவற்றைச் சுருக்கமாகக் கூறலாம். 1970 களில் சோவியத் உதவியுடன் பேசாலையில் நிலத்தில் துளையிட்டுப் பார்த்தனர், பயன் கிட்டவில்லை. 2008 இல் கெயார்ன் லங்கா நிறுவனத்துடன் உடன்படிக்கை செய்யப்பட்டு, 2011 இல் ஜப்பானின் சிக்யூ என்ற ஆய்வுத் துளையிடும் கப்பல் கொண்டுவரப்பட்டது. டொராடோ, பராகுடா எனப் பெயரிடப்பட்ட இரு கிணறுகளில் எரிவாயு இருப்பது தெரியவந்தது. முன்னையது கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,350 மீற்றர் ஆழத்திலும் பின்னையது சுமார் 1,500 மீற்றர் ஆழத்திலும் உள்ள கடற்படுகையில் தோண்டப்பட்டவை. 2015 இல் அந்நிறுவனம் விலகிச் சென்றது. 2003 ஆம் ஆண்டின் பெற்றோலிய வளங்கள் சட்டத்துக்குப் பதிலாக 2021 இல் புதிய சட்டம் இயற்றப்பட்டது. வாயு இன்னும் கடலடியிலேயே இருக்கின்றது.

இவ்வளவு ஆழத்தில் கடற்படுகையில் கால் ஊன்றி நிற்கும் மேடைக்கு இடமில்லை. ஒன்றில், கடலடிக் குழாய் மூலம் வாயுவைக் கரைக்குக் கொண்டுவர வேண்டும். அன்றேல் மிதக்கும் நிலையம் ஒன்று அங்கு நங்கூரமிட வேண்டும். முதல் வழியைத் தெரிவு செய்தாலும் குழாய் பதிக்கும் பார்ஜ்களும் தொழிலாளர் தங்கும் மிதவைகளும் மாதக்கணக்கில் வளைகுடாவில் நின்றே தீரும். வாயுவை வெளிநாட்டிலிருந்து திரவமாக இறக்குமதி செய்வதென்றாலும் மிதக்கும் களஞ்சியமொன்று தேவைப்படலாம். அதிலும் பழைய கப்பலை மாற்றியமைப்பதே பல நாடுகளின் வழக்கம். 1981 இல் கட்டப்பட்ட கோலார் ஸ்பிரிட் என்ற தாங்கிக் கப்பல் 2008 இல் மிதக்கும் வாயு நிலையமாக உருமாறிப் பிரேஸிலில் பணிக்கு அமர்த்தப்பட்டதே இவ்வகை மாற்றத்தின் தொடக்கம். மிதவையில் நிலையம் அமைப்பது நமக்கும் புதிதன்று. கொழும்புத் துறைமுகத்தில் 2000 ஆம் ஆண்டிலிருந்து 60 மெகாவாட் மின்நிலையமொன்று பார்ஜின் மேல் நின்று மின்சாரம் தந்தது. 2015 இல் அது மின்சார சபையின் கைக்கு வந்தது. ஆனால் அது அலைதாங்கிச் சுவருக்குள் பாதுகாப்பாக நின்ற மிதவை. திறந்த கடலின் கதை வேறு.

பழைய கலமொன்றை மாற்றியமைப்பது எவ்வளவு சிக்கலானது என்பதற்கு அண்டை நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சாகர் சாம்ராட் என்ற பெயரை எழுபதுகளின் பள்ளி மாணவர்கள் பொது அறிவுப் புத்தகத்தில் படித்திருப்பர். 1973 இல் ஜப்பானின் ஹிரோஷிமாவில் மிற்சுபிஷி நிறுவனத்தால் கட்டப்பட்ட அந்தத் துளையிடும் மேடையே 1974 இல் பம்பாய் ஹையில் முதன்முதலாக எண்ணெய் கண்டது. இந்திய ஒரு ரூபாய்த் தாளிலும் இடம்பிடித்த மேடை அது. அதன் உடல் உண்மையில் ஒரு பார்ஜ்தான். இழுவைப் படகுகள் இழுத்துச் செல்லும்போது மிதக்கும்; நிற்க வேண்டிய இடம் வந்ததும் கால்களை இறக்கித் தன்னை நீருக்கு மேலே தூக்கிக்கொள்ளும். கால்கள் கடற்படுகையில் உறுதியாகப் பதிகின்றனவா என்பதைச் சோதிப்பதற்கும் அதன் தாங்கிகளில் கடல்நீரை நிரப்பியே பாரமேற்றுவர்.

முதுமையடைந்த அம்மேடையை எண்ணெய், எரிவாயு உற்பத்தி நிலையமாக மாற்றுவதற்கு இந்தியாவின் ஓ.என்.ஜி.சி. நிறுவனம் 2011 இல் ஒப்பந்தம் வழங்கியது. வேலை அபுதாபியில் நடைபெற்றது. இரண்டு மூன்று ஆண்டுகளில் முடியுமென எதிர்பார்க்கப்பட்ட பணி இழுபட்டு, 2022 டிசம்பரிலேயே மும்பாய்க்கு மேற்கே ஏறத்தாழ 140 கிலோமீற்றர் தொலைவில் சாகர் சாம்ராட் மீண்டும் பணி தொடங்கியது. நாளொன்றுக்கு 20,000 பீப்பாய் மசகெண்ணெயைக் கையாளும் ஆற்றல் இன்று அதற்குண்டு. பணி பத்தாண்டுகளுக்கு மேல் நீண்டமைக்கு ஒப்பந்தப் பிணக்குகள் முதலான காரணங்கள் பல கூறப்படும். ஆயினும் சிறிதொரு பாடம் நமக்குண்டு. பழைய கலம் மலிவானது என்று தொடங்கும் கணக்கு, முடிவில் மலிவாக இருப்பதில்லை. தாமதம் நீளும்போது முதலில் குறுக்கப்படுவது எது என்பதை எந்தக் கட்டட ஒப்பந்தக்காரரிடமும் கேட்டறியலாம். சோதனைக்கான நாட்களே குறுக்கப்படும். சாகர் சாம்ராட்டில் அவ்வாறு நடந்ததென நாம் கூறவில்லை. நடக்கக்கூடியது என்பதனாலேயே இங்கு குறிப்பிடுகிறோம்.

புதிய கட்டுப்பாட்டுத் தொகுதி ஒன்றைப் பொருத்திவிட்டால் கலம் பாதுகாப்பாகிவிடும் என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை உலகுக்கு உணர்த்திய விபத்து 1982 இல் நிகழ்ந்தது. இதனைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கின்றது.

கனடாவின் நியூபவுண்ட்லாந்துக்கு அப்பால் நின்ற ஓஷன் ரேஞ்சர் அக்காலத்தில் உலகின் மிகப் பெரிய மிதக்கும் துளையிடும் மேடைகளில் ஒன்று. சாகர் சாம்ராட்டைப் போலவே அதுவும் ஹிரோஷிமாவில் மிற்சுபிஷி கட்டியது. 1976 இல் முடிவுற்றது. மூழ்கிய இரு பெரும் மிதவைகளின் மீது தூண்கள் எழுந்து மேற்றளத்தைத் தாங்கும் அமைப்பு. அதன் பலாஸ்ட் கட்டுப்பாட்டறை ஒரு தூணுக்குள், கடல்மட்டத்திற்கு மேல் அதிக உயரமில்லாத இடத்தில், கண்ணாடிச் சாளரத்துடன் அமைந்திருந்தது. பெப்ரவரி 14 ஆம் திகதி மாலை வீசிய புயலில் பேரலை ஒன்று அக்கண்ணாடியை உடைத்தது. உள்ளே புகுந்த கடல்நீர் கட்டுப்பாட்டுப் பலகையை நனைத்தது. பலகையிலுள்ள விளக்குகள் தம்பாட்டில் எரியவும் அணையவும் தொடங்கின. வால்வுகள் தாமாகத் திறப்பதாகத் தோன்றியது. ஊழியர்கள் மின்சாரத்தைத் துண்டித்தனர். நீரைத் துடைத்தனர். கண்ணாடித் துண்டுகளைப் பெருக்கினர். நிலைமை கட்டுக்குள் இருப்பதாகவே வானொலியிற் பேசிக்கொண்டனர்.

பின்னர் நள்ளிரவை அடுத்து மீண்டும் பலகைக்கு மின்சாரம் கொடுக்கப்பட்டது. மேடை முன்புறமாகத் தாழத் தொடங்கிற்று. மின்தொகுதி கைவிட்டால் வால்வுகளைக் கையால் இயக்குவதற்கென்று பித்தளைத் தண்டுகள் வைக்கப்பட்டிருந்தன. அவற்றைச் செருகினால் வால்வு மூடும் என்று நம்பிச் செருகியவர்கள், உண்மையில் வால்வைத் திறந்துவிட்டனர் என விசாரணை ஆணைக்குழு பின்னர் முடிவு செய்தது. பம்பிகளோ பின்புறத்தில் இருந்தன. மேடை முன்னே சாய்ந்தபின் முன்தாங்கிகளின் நீரை இழுத்தெடுக்க அவற்றால் இயலவில்லை. சங்கிலி வைக்கும் அறைகளின் மேல்வாய்கள் வழியாகவும் நீர் இறங்கியது. விடியுமுன் மேடை மூழ்கியது. அதிலிருந்த 84 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

கவனிக்க வேண்டியது யாதெனில், உடைந்த கண்ணாடி மேடையை மூழ்கடிக்கவில்லை. அன்றிரவு எவரும் எதையும் தொடாமல் வால்வுகளை மூடியபடியே விட்டிருந்தால் மேடை தப்பியிருக்கும் என்பதே ஆணைக்குழுவின் கருத்தாக இருந்தது. அத்தொகுதியை இயக்கியவர்களுக்கு அதன் உள்ளியல்பு கற்பிக்கப்படவில்லை. பொத்தானை அழுத்தத் தெரிந்திருந்தது. பொத்தான் செயலிழந்தால் என்ன செய்வதென்று தெரிந்திருக்கவில்லை. நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய பலகைக்கும் இன்றைய கணினித் திரைக்கும் தொழில்நுட்பத்தில் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் உண்டு. ஆனால் திரை இருளும் நேரத்தில் அதன்முன் அமர்ந்திருப்பவரின் நிலை மாறிவிடவில்லை.

மாற்றியமைக்கப்பட்ட கலங்களின் விபத்துகள் வேறும் உண்டு. துளையிடும் மேடையாகக் கட்டப்பட்டுத் தொழிலாளர் விடுதியாகப் பயன்பட்ட அலெக்சாண்டர் கீலண்ட் 1980 மார்ச்சில் வடகடலில் கவிழ்ந்து 123 பேர் மாண்டனர். தாங்குகுழாய் ஒன்றில் பொருத்தப்பட்ட சிறு கருவிக்கான ஒட்டு வேலையிலிருந்தே விரிசல் தொடங்கியிருந்தது. துளையிடும் மேடையாகத் தொடங்கி உற்பத்தி நிலையமாக மாற்றப்பட்ட பிரேஸிலின் பி-36, 2001 மார்ச்சில் தூணொன்றுக்குள் வெடிப்பு ஏற்பட்டு, நீர்புகாக் கதவுகள் திறந்திருந்த வழியால் நீர் பரவி, ஐந்து நாட்களின் பின் மூழ்கியது. 11 பேர் இறந்தனர்.

தூரதேசத்துக் கதைகள் என்று எவரேனும் கூறக்கூடும். அவ்வாறாயின் 2021 மே 17 ஆம் திகதியைப் பார்ப்போம். டவ்தே சூறாவளி அரபிக்கடலில் வடக்கு நோக்கி வந்துகொண்டிருந்தபோது, பம்பாய் ஹை பகுதியில் பி-305 என்ற தங்குமிடப் பார்ஜ் 261 பேருடன் நின்றிருந்தது. அதற்குச் சொந்த இயந்திரம் கிடையாது. நங்கூரங்களே அதன் ஆதாரம். வானிலை எச்சரிக்கை முன்னரே வந்திருந்தும் அது துறைமுகத்துக்கு இழுத்துச் செல்லப்படவில்லை. நங்கூரங்கள் ஒவ்வொன்றாக அறுந்தன. மிதவை அலைந்து திரிந்து ஆளில்லா மேடையொன்றில் மோதித் துளைபட்டது; நீர் ஏறியது; மாலையில் மூழ்கியது. ஐ.என்.எஸ். கொச்சி முதலான கடற்படைக் கப்பல்கள் பலரைக் காப்பாற்றிய போதிலும் எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடலில் எண்ணெய் எடுக்கும் பெருநிறுவனத்தின் வேலைக்காக நின்ற மிதவை அது. மாண்டவர்களோ ஒப்பந்தக்காரரின் கீழ் வேலை செய்த தொழிலாளர். பொறுப்பு எவருடையது என்ற கேள்வி கப்பல் உரிமையாளர், வாடகைக்கு எடுத்தவர், கப்பற்றலைவர், எண்ணெய் நிறுவனம் என்று கைமாறிக்கொண்டே சென்றது.

மன்னார் வளைகுடாவும் பாக்குநீரிணையும் சூறாவளி அறியாத கடல்களல்ல. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் தலைமன்னாரையும் விட்டுவைக்கவில்லை. இயந்திரமற்ற மிதவையொன்று நங்கூரம் அறுந்து இங்கு அலையுமானால் அது மோதுவதற்கு ஆளில்லா மேடை இராது. திட்டுகளும் பவளப் பாறைகளும், இரவில் வலை விரித்திருக்கும் வள்ளங்களுமே இருக்கும்.

இனி, மாற்றியமைப்பின்போது உண்மையில் பார்க்கப்பட வேண்டியவை எவை என்பதற்கு வருவோம். பட்டறையிலிருந்து வெளிவரும் மிதவை பளபளப்பான வண்ணத்துடன் வரும். அதனைப் பார்த்து ஒன்றும் அறிய முடியாது. தளத்தின் மேல் புதிதாகப் பாரந்தூக்கியும் விடுதி அறைகளும் இயந்திரத் தொகுதிகளும் ஏற்றப்படும்போது கலத்தின் பாரமையம் மேலெழும்புகின்றது. கவிழும் இயல்பு கூடுகின்றது. எனவே மாற்றத்தின்பின் கலத்தை மீண்டும் எடை கணித்து, நிறை தெரிந்த பாரங்களை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு நகர்த்திச் சாய்வை அளந்து பார்க்கும் சோதனை கட்டாயமாகச் செய்யப்பட வேண்டும். கட்டிய காலத்துப் பழைய ஏட்டை வைத்துக்கொண்டு கூட்டிக் கழிப்பது போதாது. தாங்கிகளின் உட்புறம் உப்புநீரில் ஆண்டுக்கணக்கில் ஊறியவை. தகட்டின் தடிப்பு எவ்வளவு குறைந்துள்ளது என்பதை அளவிட்ட அறிக்கை இருக்க வேண்டும். ஒரு பம்பி நின்றால் மற்றொன்று, ஒரு மின்வழி அறுந்தால் மற்றொன்று என்ற ஏற்பாடு வேண்டும். மின்சாரம் நின்றுபோனால் வால்வுகள் தாமாகவே மூடிக்கொள்ளும் வகையில் அமைந்திருக்க வேண்டும். கையால் இயக்கும் வழி எளிதாக எட்டக்கூடிய இடத்தில், எந்தப் பக்கம் திருப்பினால் மூடும் என்று ஐயமின்றி எழுதப்பட்டு இருக்க வேண்டும். எழுதப்பட்ட மொழி அங்கு வேலை செய்பவர் வாசிக்கும் மொழியாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். இது நமது நாட்டில் தனியே சொல்ல வேண்டிய விடயம்.

இவற்றுள் பெரும்பாலானவை சர்வதேச கடல்சார் அமைப்பு 1979, 1989, 2009 ஆம் ஆண்டுகளில் வெளியிட்ட துளையிடும் மேடைகளுக்கான விதிக்கோவைகளிலும் தரச்சான்று நிறுவனங்களின் விதிகளிலும் ஏதோவொரு வடிவில் உள்ளவையே. எனினும், ஒரு கலத்துக்கு அது கட்டப்பட்ட அல்லது பெரிய மாற்றத்துக்குள்ளான காலத்தின் விதியே பொருந்துவது வழமை. எது பெரிய மாற்றம் என்ற வாதத்திலேயே பழைய கலங்கள் பழைய விதியின் நிழலில் ஒதுங்கிக்கொள்ள இடமுண்டு. நமது அதிகாரிகள் உடன்படிக்கை எழுதும்போது இவ்விடத்தில்தான் விழிப்பாக இருக்க வேண்டும்.

பலாஸ்ட் நீருக்கு இன்னொரு முகமும் உண்டு. ஒரு துறைமுகத்தில் ஏற்றிய நீரை மற்றொரு கடலில் வெளியேற்றும்போது அதனுடன் அங்கு இல்லாத உயிர்களும் வந்திறங்குகின்றன. சென்னைக்கு வடக்கே எண்ணூர்க் கழிமுகத்தில் மீனவர்கள் காக்கா ஆழி என்று அழைக்கும் தென்னமெரிக்கச் சிப்பி பரவி, இறாலும் நண்டும் வாழ்ந்த அடித்தளத்தைப் போர்வையாக மூடியுள்ளது. துறைமுகத்துக்கு வந்த கப்பல்களின் பலாஸ்ட் நீரில் அது வந்திருக்கலாமெனக் கருதப்படுகின்றது. அதனை அகற்றுவதற்கு அங்குள்ள மீனவர்கள் பசுமைத் தீர்ப்பாயம்வரை செல்ல வேண்டியிருந்தது. பலாஸ்ட் நீரைச் சுத்திகரித்தே வெளியேற்ற வேண்டுமென்ற சர்வதேச சமவாயம் 2004 இல் எழுதப்பட்டு 2017 இல்தான் நடைமுறைக்கு வந்தது. பட்டறைகளில் மாதக்கணக்கில் அசையாது நின்று, அடியில் பாசியும் சிப்பியும் அப்பிய நிலையில் இழுத்துவரப்படும் பார்ஜ்கள் இவ்விடயத்தில் சாதாரண கப்பல்களைவிடவும் கவனத்துக்குரியவை. சிலாவத்துறையின் முத்துச் சலாபங்கள் ஒருகாலத்தில் கீழக்கரை, காயல்பட்டினத்து முஸ்லிம் சுழியோடிகளையும் பரதவரையும் ஒரே பாரில் இறக்கிய கடல் இது. முத்துக்குளிப்பு ஓய்ந்து நெடுங்காலமாகிவிட்டது. பார்கள் இன்றும் கடலடியில் உள்ளன.

உப்புக்குளத்து மக்களின் நிலையையும் இங்கு சொல்லியாக வேண்டும். 1990 ஒக்டோபரில் வடபுலத்து முஸ்லிம்கள் அனைவருடனும் சேர்த்து அவர்களும் வெளியேற்றப்பட்டனர். இரு தசாப்தங்கள் புத்தளத்தின் அகதி வாழ்வின்பின் திரும்பியபோது கரையில் தமது இடம் எது என்பதே பிணக்காகியிருந்தது. இறங்குதுறை தொடர்பாக 2012 இல் மன்னார் நகரில் எழுந்த கொந்தளிப்பை இரு சமூகத்தவரும் மறந்திருக்க மாட்டார்கள். போர்க்காலத்தில் கடல் தடைசெய்யப்பட்ட தமிழ் மீனவருக்கும் சொல்ல அவர்களுடைய கதையுண்டு. இந்திய இழுவைப் படகுகளால் அறுபடும் வலை இருவருடையதும்தான். இவ்வாறு ஒரு முழம் கரைக்காக ஒருவரோடொருவர் வழக்காடிக்கொண்டிருக்கையில், ஆழ்கடலில் வந்து நிற்கப்போகும் மிதவையைச் சுற்றி வள்ளங்கள் நுழையக்கூடாத பாதுகாப்பு வலயம் வரையப்படும்போது அதுபற்றி எவரிடமும் கேட்கப்போவதில்லை என்பதே நமது அச்சம். மன்னார்த் தீவில் 2020 டிசம்பரில் தம்பபவனி காற்றாலை திறக்கப்பட்டதன் பின்னரும், 2025 இல் மேலும் காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் வீதிக்கு இறங்கியபோதும் கேட்ட குறை பெரும்பாலும் இதுவே: எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. காற்றாலைகள் வேண்டுமா வேண்டாமா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம். இந்தக் குறையில் நியாயமில்லை என்று எவரும் கூற முடியாது.

எரிவாயுத் திட்டத்தையே எதிர்க்க வேண்டுமென்று நாம் கூற வரவில்லை. 2022 இல் எரிபொருளுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாடு இது. மண்ணெண்ணெய் இன்றி வள்ளங்கள் கரையில் கிடந்த நாட்களை மீனவரைவிட வேறெவர் அறிவர்? நமது வாயு நமக்குப் பயன்படுமாயின் நன்றே. வேலைவாய்ப்பும் வரும். ஆனால் அவ்வேலை எத்தகையது என்பதிலும் கவனம் வேண்டும். சமையற்கூடத்திலும் தளம் கழுவுவதிலும் மட்டுமே நமது பிள்ளைகளுக்கு இடமென்றால் விபத்து நேரும்போது அவர்கள் கட்டளைக்குக் காத்திருப்பவர்களாகவே இருப்பர். பலாஸ்ட் கட்டுப்பாட்டறையில் அமரும் பயிற்சி, நிலையத்தின் வரைபடத்தை வாசிக்கும் பயிற்சி, முதலில் மாதிரி இயந்திரத்தில் பழகும் வாய்ப்பு ஆகியவை உடன்படிக்கையின் ஒரு சரத்தாக இடம்பெற வேண்டும். மத்திய கிழக்கின் எண்ணெய் வயல்களில் பணியாற்றித் திரும்பிய நமது இளைஞர்களுக்கு இத்தொழில் முற்றிலும் புதியதாகவும் இராது. மாற்றியமைப்பு வேலையின் ஒரு பகுதியேனும் கொழும்புக் கப்பற்பட்டறைக்குக் கிடைக்குமாயின் அதுவும் கேட்கத்தக்கதே.

பணத்தைப் பொறுத்தமட்டில் நமக்குக் கிடைத்த அனுபவம் கசப்பானது. 2021 மே மாதத்தில் தீப்பற்றி ஜூன் 2 ஆம் திகதி மூழ்கிய எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தொடர்பாக, நூறு கோடி அமெரிக்க டொலர் இழப்பீடு செலுத்த வேண்டுமென நமது உயர்நீதிமன்றம் 2025 ஜூலை 24 ஆம் திகதி தீர்ப்பளித்தது. கப்பல் மூழ்கி நான்கு ஆண்டுகளின் பின்னர் வந்த தீர்ப்பு அது. அதற்கும் இரண்டு மாதங்களுக்குள் கப்பல் நிறுவனத்தின் தலைவர் அத்தொகையைச் செலுத்த இயலாதென வெளிப்படையாகவே கூறிவிட்டார். எல்சா 3 விடயத்தில் கேரள அரசு 9,531 கோடி இந்திய ரூபா கோரி உயர்நீதிமன்றத்தை நாடி, அதே கம்பனிக் குழுமத்தின் மற்றொரு கப்பலைத் துறைமுகத்திலேயே தடுத்துவைக்கும் உத்தரவைப் பெற்றது. மூழ்கியபின் வழக்காடுவதைவிட, கையில் ஒன்றைப் பிடித்துவைத்துக்கொண்டு பேசுவது மேல் என்பதைக் கேரளம் விரைவாகவே புரிந்துகொண்டது. அந்த உத்தரவு அரசுக்கு மட்டும் உரியதன்று. மீனவரின் இழப்பையும் அரசு தன் கோரிக்கையில் சேர்த்திருந்தது.

பெற்றோலிய அதிகாரசபை அடுத்து எவருடன் உடன்படிக்கை செய்தாலும், மிதவை நமது கடல் எல்லைக்குள் இழுத்துவரப்படுவதற்கு முன்னரே இலங்கை வங்கியொன்றில் பிணைத்தொகை வைக்கப்பட வேண்டும். மாற்றியமைப்பின் பின்னான சாய்வுச் சோதனை அறிக்கையும் தாங்கித் தகடுகளின் அளவீட்டு அறிக்கையும் சூறாவளி எச்சரிக்கை வந்தால் எத்தனை மணி நேரத்தில், எந்த இழுவைப் படகால், எத்துறைமுகத்துக்குக் கொண்டுசெல்லப்படும் என்ற திட்டமும் சுற்றாடல் மதிப்பீட்டு அறிக்கையுடன் சேர்த்துத் தமிழில் வெளியிடப்பட வேண்டும். அவற்றின் பிரதி மாவட்டச் செயலகத்தின் அலுமாரியில் மட்டுமன்றி, பேசாலை, தாழ்வுபாடு, உப்புக்குளம், சிலாவத்துறை மீனவர் சங்கங்களின் கைகளிலும் இருக்க வேண்டும். மிதவையின் கட்டுப்பாட்டறையிலிருந்து அபாய அறிவிப்பு எழும் இரவில் அச்சங்கங்களுக்கு யார், எந்த அலைவரிசையில் அறிவிப்பது என்பதும் அதே தாளில் எழுதப்பட வேண்டும்.